எதிரே வண்டி வராத தேசம்

ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கப் போனால், அவர்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது கார் ஓட்ட அல்ல. கதவு திறக்க!

"காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு முதல்ல பாருங்க. வண்டியோட மூக்கு காற்றைப் பார்த்து நிக்கணும். கதவை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத் திறங்க. ஒரு கையில காபி, இன்னொரு கையில கதவு... அந்த வேலையே வேண்டாம்!" கவுன்ட்டரில் இருந்த பையன் அவன் பாணி ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது.

42 வயதில் ஒருத்தனுக்குக் கதவு திறக்க டியூஷன் எடுக்கிறார்களே என்று எனக்கு லேசாக ரோஷம். வாசலுக்கு வந்தேன். கெஃப்ளாவிக் விமான நிலையத்துக்கு வெளியே அடித்த காற்றில் என் குல்லாய் கிளம்பியது. கடைசியாகப் பார்த்தபோது அது அமெரிக்கா திசையில் போய்க்கொண்டிருந்தது. மறுபடி உள்ளே போய், "இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி" என்றேன்.

இன்ஷூரன்ஸ் பட்டியலைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கூழாங்கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தால் தனி இன்ஷூரன்ஸ். மணல் புயலில் பெயின்ட் உரிந்தால் தனி. எரிமலைச் சாம்பலுக்குத் தனி! ஆனால் காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு போனால் மட்டும் பெரும்பாலும் எந்த இன்ஷூரன்ஸும் கிடையாது. அது நம்ம தலையில்தான். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் 18 வருஷம் குப்பை கொட்டியவன் நான். நஷ்டம் எங்கே வரும் என்று தெரிந்து வைத்திருக்கும் கம்பெனிதான் அதை மட்டும் பாலிஸியில் விட்டுவிடும் என்பது எனக்குப் புரியாதா!

"ஒரு டிரைவரா, ரெண்டு டிரைவரா?" என்று கேட்டான் பையன்.

"ஒண்ணு" என்று நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து "ரெண்டு" என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி, பையிலிருந்து அவளுடைய இன்டர்நேஷனல் பர்மிட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த எரிமலைப் படத்தைப் பார்ப்பது போல் நின்றிருந்தாள்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும்.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே இவள்தான். கல்யாணமான இரண்டாவது வருஷம். பல்லாவரத்திலிருந்து சிறுசேரி வரை தினமும் அவளே ஓட்டிக்கொண்டு போய் வருவாள். ரிவர்ஸ் எடுத்து இரண்டு தூணுக்கு நடுவில் வண்டியைச் செருகும்போது எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். அப்படிப்பட்டவள், 2021-ல் சிக்னலில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்து இடித்தது. கார் முன்னால் இருந்த வேனில் போய் முட்டி, அவளுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டு மாதத்தில் கட்டுப் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் தோசை திருப்பினாள். ஆனால் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒரு வருஷம் ஆயிற்று, இரண்டு வருஷம் ஆயிற்று, மூன்றாயிற்று. ஆபீஸுக்கு ஒரு ரயில், ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினால் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தூக்கமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பாள். தூக்கத்தில் யாராவது காலால் பிரேக்கை அழுத்துவார்களா சார்?

நான் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லி வருகிற விஷயமா அது?

ஒருநாள் ராத்திரி டி.வி.யில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு மணல், நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு ரோடு. ஐந்து நிமிஷம் ஓடியும் ஒரு வண்டி வரவில்லை.

"என்னங்க, இது எந்த ஊரு? எதிர்ல வண்டியே வராது போலிருக்கே!"

"ஐஸ்லாந்துன்னு போட்டிருக்கான்."

"ஹாரன் சத்தமே இல்ல பாருங்க" என்றாள். அப்புறம் சேனலை மாற்றிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மறுவாரம் பாங்க்கில் முதிர்ந்த ஆர்.டி. பணத்தை வைத்துக்கொண்டு, "ஹால்ல ஏ.சி. போடலாமா, ஐஸ்லாந்து போகலாமா?" என்று கேட்டேன். "ரெண்டும் குளிர்ச்சிதானே" என்றாள்.

ஆபீஸில் லீவ் கேட்டபோது மேனேஜர், "ஐஸ்லாந்தா! அங்கே என்ன சார் இருக்கு?" என்றார். "ஒண்ணும் இல்ல சார், அதுக்குத்தான் போறோம்" என்றேன்.

நிஜமாகவே ஒன்றும் இல்லைதான். தமிழ்நாட்டை விடக் கொஞ்சம் சின்ன நாடு. 1,03,000 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் நாலு லட்சம்கூட இல்லை. திருச்சி மாநகரத்தில் பாதி! அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட தலைநகர் ரெய்க்யாவிக்கிலும் அதைச் சுற்றியும்தான். ரயில் கிடையாது. ராணுவம் கிடையாது. மரம்கூட அபூர்வம். ஐஸ்லாந்துக் காட்டில் வழி தவறிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே ஒரு ஜோக் வைத்திருக்கிறார்கள்: எழுந்து நிற்க வேண்டும்! நாட்டைச் சுற்றி ஒரே ஒரு ரோடு, நம்பர் 1. மொத்தம் 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைத்தான் 2024 செப்டம்பரில் ஒன்பது நாளில் சுற்றுவதாகத் திட்டம்.

வலது பக்கம் ஓட்டுகிற ஊர். அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடது பக்கம்தான். 1968 மே 26-ம் தேதி, ஒரே நாளில் நாடு முழுக்க வலது பக்கத்துக்கு மாறியிருக்கிறார்கள். நாலு லட்சம் பேர் இருந்தால் மாறிவிடலாம். நம்ம ஊரில் இடது, வலது இரண்டையும் ஒரே சமயத்தில் உபயோகிக்கிறோமே, அது அவர்களால் முடியுமா?

முதல் இரண்டு நாள் நான்தான் ஓட்டினேன். இண்டிகேட்டரும் வைப்பரும் நம்ம வண்டிக்கு நேர் எதிராக இருக்கும். நான் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வைப்பர் ஆடும். அங்கே அடிக்கடி மழை வருவதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ் என்று ஒரு அருவி. அதன் பின்பக்கமாகவே நடந்து போய் வரலாம். ஸ்கோகாஃபாஸ் என்று இன்னொன்று, 60 மீட்டர் உயரம். பக்கவாட்டில் படிக்கட்டு, ஐந்நூறுக்கும் மேல். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பழநி முருகன் நினைவுதான் வந்தது. இந்த அருவிகளுக்குப் பின்னால் பனித்தொப்பி போட்டுக்கொண்டு சாதுவாக நிற்கிற மலையின் பெயர் எய்யாஃபியாட்லயோகுல். ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் உங்களுக்கு இன்க்ரிமென்ட் கொடுக்கலாம். 2010 ஏப்ரலில் வெடித்துச் சாம்பலைக் கக்கி, ஐரோப்பா முழுக்க விமானங்களை நாள் கணக்கில் தரையில் உட்கார வைத்த புண்ணியவான் இவர்தான்.

ரேனிஸ்ஃபியாரா என்கிற கறுப்பு மணல் கடற்கரைக்கும் போனோம். அங்கே அலை ஒழுங்காக வந்து போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒன்று மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பலர் செத்திருக்கிறார்கள். அபாய அளவைக் காட்ட ஒரு விளக்குக்கம்பம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அதைத் தாண்டித் தண்ணீரை நோக்கிப் போகிறவர்களையும் பார்த்தேன். உலகம் பூராவும் நம்ம ஆட்கள்தான்.

இந்த இரண்டு நாளும் என் மனைவி பக்கத்து சீட்டில் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தாள். ஏனென்றால், எதிரே வண்டி வராது என்று அந்த வீடியோக்காரன் சொன்னது சுத்தப் பொய்! வருஷத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல் டூரிஸ்ட்டுகள் வருகிறார்கள். தெற்குக் கரையில் கேம்பர் வேன் ஊர்வலம். பர்மிட் பைக்குள்ளேயே இருந்தது. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கெய்தாராசாண்டுர் வந்தது.

மணல்வெளி. முப்பது கிலோமீட்டருக்கு மேல் கறுப்பு மணலும் கல்லும். இடது பக்கம் வாட்னயோகுல் என்கிற பனிப்பாளம். அந்த நாட்டின் பரப்பில் சுமார் 8 சதவிகிதம் அது ஒன்றே. அதன் வயிற்றுக்குள் எரிமலைகள்! மேலே ஐஸ், கீழே அடுப்பு. அடுப்பு எரிந்தால் ஐஸ் உருகி உள்ளேயே தேங்கி, ஒருநாள் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு இந்த மணல்வெளி வழியாகக் கடலுக்கு ஓடும். அதனாலேயே ரொம்ப நாள் இங்கே பாலம் கட்ட முடியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் காரில் தலைநகர் போக வேண்டுமென்றால் நாட்டையே எதிர்ப்பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். 1974-ல் பாலம் வந்த பிறகுதான் ரோடு வட்டமாகச் சேர்ந்தது.

1996-ல் பனிக்கு அடியில் எரிமலை கிளம்பியது. ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீர் தேங்கி, நவம்பர் 5-ம் தேதி வெள்ளம் வந்தது. வீடு வீடாகப் பனிப்பாறைகள் உருண்டு வந்து பாலத்தில் மோதின. வரும் என்று முன்பே தெரிந்து ரோட்டை மூடியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. முறுக்கிப்போட்ட இரும்பு உத்தரங்களை மட்டும் ரோட்டோரம் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். ராட்சசன் ஒருத்தன் முறுக்குப் பிழிந்துவிட்டு, பிடிக்காமல் தூக்கிப் போட்ட மாதிரி.

அங்கே நிறுத்தினோம். அவள் இறங்கிப் போய் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். எனக்குக் குளிர். போகலாம் என்று கூப்பிடத் தோன்றவில்லை.

திரும்பி வந்தவள், நேராக டிரைவர் பக்கம் வந்தாள். இரண்டு கையாலும் கதவைப் பிடித்துத் திறந்தாள்.

"இறங்குங்க."

"என்னாச்சும்மா?"

"சாவி வண்டியிலதானே இருக்கு? இறங்குங்க."

ஆட்டோமேட்டிக் வண்டிதான் வேண்டும் என்று ஆறு மாதம் முன்னால் அவள் அடம் பிடித்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கே கியர் வலது கைக்கு வரும்!

சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். மறுபடி சரிசெய்தாள். பெல்ட் போட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் நாலைந்து நிமிஷம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனிமலையை ரசித்தேன். ரசித்தேனா! ஒரு மலையும் கண்ணில் படவில்லை.

வண்டி நகர்ந்தது. இருபது... முப்பது... நாற்பது. 90 போகலாம் என்று அனுமதிக்கிற ரோட்டில் நாற்பது. பின்னால் இரண்டு கார் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. கொஞ்ச தூரம் பொறுமையாக வந்து, ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒருத்தன்கூடக் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுவே ஜி.எஸ்.டி. ரோடாக இருந்தால் எங்கள் இரண்டு பேரின் பரம்பரையும் சந்திக்கு வந்திருக்கும்.

அப்புறம் வந்தது ஒற்றை வழிப் பாலம். ஐஸ்லாந்தில் நம்பர் 1 ரோட்டிலேயே இன்னும் சில பாலங்களில் ஒரு வண்டிதான் போகலாம். சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது. பாலத்துக்கு யார் கிட்டே இருக்கிறார்களோ அவர்கள் முதலில் போவது, மற்றவர் நிற்பது. இதுதான் சம்பிரதாயம். எதிரே தூரத்தில் ஒரு பெரிய வேன் வந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டிதான் கிட்டே. ஆனால் அவள் நிறுத்திவிட்டாள். வேனும் அந்தப் பக்கம் நின்றது. விளக்கை ஒரு தடவை சிமிட்டினான்.

"போன்னு சொல்றாம்மா."

"தெரியுது."

"அப்போ..."

"தெரியுதுங்க."

போனாள். பாலம் முடிகிற இடத்தில் அந்த வேன்காரர் ஸ்டியரிங்கிலிருந்து நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். அங்கே அது வணக்கம். பதிலுக்கு இவளும் விரலைத் தூக்கினாள். வலது கை விரல்! அதற்கப்புறம் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் விரலைத் தூக்கிக்கொண்டே வந்தாள். கல்யாண ரிசப்ஷனில்கூட அவள் இத்தனை பேருக்கு வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை.

யோகுல்சார்லோன் ஏரி வரை அவள்தான் ஓட்டினாள். பனிப்பாளத்திலிருந்து உடைந்த கட்டிகள் நீல நீலமாக மிதக்கிற ஏரி. நூறு வருஷம் முன்னால் இந்த ஏரியே கிடையாது; 1930-களில்தான் பனி பின்வாங்க ஆரம்பித்துக் குட்டையாகத் தொடங்கி, இப்போது 200 மீட்டருக்கும் மேல் ஆழம். ஜேம்ஸ்பாண்ட் 2002-ல் இதன்மேல் கார் ஓட்டினார். அவருக்காக ஏரிக்குக் கடல் தண்ணீர் வரும் வாயை அடைத்து உறைய வைத்துக் கொடுத்தார்களாம். எங்களுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. கரையில் உட்கார்ந்து, ரைஸ் குக்கரில் காலையில் வடித்த சாதத்தில் ஸ்கிர் என்கிற கட்டித் தயிரைப் போட்டுப் பிசைந்து, மாவடு தொட்டுச் சாப்பிட்டோம். ஆயிரம் வருஷமாக அந்த ஊர்க்காரர்கள் ஸ்கிர் சாப்பிடுகிறார்கள். அது தயிர் சாதத்துக்காகவே படைக்கப்பட்டது என்பது இன்னும் அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்!

மறுநாள் மஞ்சள் எச்சரிக்கை. செப்டம்பரில் அது சகஜமாம். ரோட்டோரத்து மின் பலகையில் காற்றின் வேகம் 24 என்று காட்டியது. "ப்பூ, 24 தானா" என்று நினைத்துவிடாதீர்கள். அது விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 86 கிலோமீட்டர். ஹொப்ன் என்கிற மீனவர் ஊரில் தங்கியிருந்த வீட்டிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் குடும்பப் பெயரா?" என்றார். "இல்லைங்க, எங்கப்பா பேரு. எங்க ஊர்ல குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேர்ல முதல் எழுத்தைத்தான் இனிஷியலா வெச்சுக்குவோம்" என்றேன். அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏனென்றால் அங்கேயும் அதே கதைதான்! அப்பா பெயரோடு, பையன் என்றால் 'சோன்', பெண் என்றால் 'தோட்டிர்'. குடும்பப் பெயர் அபூர்வம். ஜனாதிபதியானாலும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஐரோப்பா முழுக்க ஒவ்வொரு பாரத்திலும் 'ஃபேமிலி நேம்' கட்டத்தில் எழுத ஒன்றுமில்லாமல் முழித்த எனக்கு, ஒரு சொந்தக்கார வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

அதற்கு மறுநாள்தான் அந்த ஒக்ஸி.

கிழக்குக் கரையில் ஜூபிவோகுர் தாண்டியதும், எகில்ஸ்டாதிர் ஊருக்கு இரண்டு வழி. நல்ல தார் ரோடாகக் கடற்கரையோரம் வளைந்து வளைந்து போவது ஒன்று. மலைமேல் ஏறி இறங்குகிற மண் ரோடு இன்னொன்று, நம்பர் 939. அதில் போனால் சுமார் 60 கிலோமீட்டர் மிச்சம். போனில் ரோடு நிலவரம் பார்த்தோம். திறந்திருக்கிறது என்று பச்சைக் கோடு. வானம் வெளுத்துக் கிடந்தது. "போலாமா?" என்றேன். "போலாம்" என்றாள். சாவி இப்போதெல்லாம் அவளிடம்தான்.

பத்து நிமிஷம் அற்புதம். அடுக்கடுக்காக அருவிகள், ஒவ்வொன்றும் நம்ம ஊரில் இருந்தால் பஜ்ஜிக் கடையும் பார்க்கிங் டிக்கெட்டும் வந்திருக்கும். இங்கே ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. ரோடு செங்குத்தாக ஏறியது. பக்கத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. பாதி ஏறியிருப்போம்... மேலேயிருந்து மேகம் இறங்கி வண்டிமேல் உட்கார்ந்துகொண்டது.

மேகம் என்றால் சும்மா இல்லை. பானட்டுக்கு முன்னால் ரோடு இல்லை. திருப்பிக்கொண்டு வரலாமென்றால் திருப்ப இடமில்லை. நிற்கலாமென்றால், பின்னால் எவனாவது வந்தால்? பின்னால் எவனாவது வந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்த அதே விநாடி அவளுக்கும் வந்திருக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்துப்போயிருந்தன.

"நான் ஓட்டட்டுமா?"

"வேண்டாம். நீங்க குச்சியை எண்ணுங்க."

ரோட்டோரத்தில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாக மஞ்சள் குச்சி நட்டிருப்பார்கள், பனிக்காலத்தில் ரோடு எங்கேயென்று தெரிவதற்காக. அதுதான் கதி. ஒரு குச்சி கண்ணில் பட்டால் அதுவரை போவது. அடுத்தது தெரிகிறவரை ஊர்வது.

"ஒண்ணு..." என்றேன். "ரெண்டு..." ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு, "மூணு... கொஞ்சம் இடது... நாலு..."

என் வாழ்நாளில் எத்தனையோ கோடி ரூபாய்க் கணக்கை எண்ணியிருக்கிறேன், எல்லாம் அடுத்தவன் பணம். இவ்வளவு கவனமாக எதையும் எண்ணியதில்லை. முப்பத்தேழாவது குச்சியில் மூன்று ஆடுகள் குறுக்கே. தாயும் இரண்டு குட்டிகளும். ஐஸ்லாந்து ஆடுகளுக்குக் கோடை முழுக்க மலையில் சுதந்திரம். செப்டம்பரில்தான் குடியானவர்கள் குதிரையில் போய் ஓட்டிக்கொண்டு வந்து, காதில் உள்ள அடையாளத்தைப் பார்த்து அவரவர் பட்டியில் பிரிப்பார்கள். இதுகளை யாரும் இன்னும் கூப்பிடவில்லை போலிருக்கிறது. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாய் ஒரு பக்கம், குட்டிகள் மறுபக்கம் போய், பிறகு அது சரியில்லை என்று தோன்றி எல்லாம் மறுபடி நடு ரோட்டில் கூடிப் பேசின. காத்திருந்தோம்.

ஐம்பதைத் தாண்டியபோது எதிரே இரண்டு மஞ்சள் வெளிச்சம். உயரமாக. பெரிய வண்டி.

அவள் நிறுத்திவிட்டாள். வண்டியை ஓரம் ஒதுக்கக்கூட இல்லை, அப்படியே நிறுத்தினாள். மூச்சு மட்டும் கேட்டது. வலது மணிக்கட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் என் கையை அவள் தோளில் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

வந்தது ஒரு பிக்-அப் டிரக். எங்களுக்குப் பத்தடி முன்னால் மெதுவாக நின்றது. கம்பளி ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் ரிவர்ஸ் எடுத்து, ரோடு கொஞ்சம் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நின்று, கண்ணாடியை இறக்கினார். "ரெண்டு கிலோமீட்டர். அப்புறம் மேகம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி இரண்டு விரலைக் காட்டினார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "எங்கேயாவது ஆடு பார்த்தாயா?" என்று கேட்டார்.

"மூணு" என்றாள் அவள். "முப்பத்தேழாவது குச்சிகிட்ட."

தமிழில்!

அவருக்கு என்ன புரிந்ததோ, மூன்று விரலைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு இவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையில் போய் முடிந்தது. ஒரு டிஷ்யூ பாக்கெட் காலி. கடைசி டிஷ்யூவால் முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "எண்ணுங்க" என்றாள்.

பெரியவர் சொன்னது சரி. எழுபத்தொன்பதாவது குச்சியில் மேகம் விலகி, கீழே பள்ளத்தாக்கு பச்சையாகக் கிடந்தது.

அப்புறம் வடக்கே போனதெல்லாம் சுருக்கம்தான். தெத்திஃபாஸ் என்ற அருவியைப் பார்த்தோம். காவி நிறத்தில் 100 மீட்டர் அகலத்துக்கு விழுகிறது. மீவாட்ன் பக்கம் மண் கொதிக்கிறது, ஊரெல்லாம் அழுகின முட்டை வாசனை. அங்கே பூமிக்குள்ளேயே புதைத்து வைத்து ரொட்டி சுடுகிறார்கள், காஸ் செலவில்லை.

அகுரேரி ஊர் நீச்சல் குளத்தைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியாது. வெந்நீர்க் குளம். ஆனால் இறங்குவதற்கு முன்னால், பொதுக் குளியலறையில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், ஒட்டுத்துணி இல்லாமல்! எந்தெந்த இடத்தில் சோப்புப் போட வேண்டும் என்று படம் வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தாமிரபரணியில் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்த பரம்பரை நான். மூலையில் சுவரைப் பார்த்து நின்று இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் இருந்த தாத்தா சாவகாசமாகத் தலை துவட்டிக்கொண்டே, "எந்த ஊர்?" என்று பேச்சுக் கொடுத்தார். பிறகு 40 டிகிரி வெந்நீரில் கழுத்து வரை உட்கார்ந்து, தலையில் ஆலங்கட்டி மழை விழ, அந்த ஊர் பாலிடிக்ஸ் கேட்டேன். பெண்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று என் மனைவி இன்று வரை சொல்லவில்லை.

அன்று ராத்திரிதான் அந்த வெளிச்சம் தெரிந்தது. ரூமுக்குத் திரும்பும்போது அவளே பார்த்து, ரோட்டை விட்டு இறங்கி ஒரு பார்க்கிங்கில் நிறுத்தி விளக்கை அணைத்தாள். காலண்டரில் வருகிற மாதிரி பச்சைப் பசேல் என்றெல்லாம் நினைக்காதீர்கள். போன் கேமராவில்தான் அப்படி வருகிறது. வெறும் கண்ணுக்கு முதலில் வெளுத்த மேகம் மாதிரிதான். பிறகு அந்த மேகம் அசைய ஆரம்பித்தது. காற்றில் ஒரு வேட்டியைக் காயப்போட்ட மாதிரி, வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். ஓரத்தில் பச்சை. ஒரு மணி நேரம் பார்த்தோம். பேசிக்கொண்டதாக ஞாபகமில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது மீட்டரில் 1,742 கிலோமீட்டர். எழுதி வைத்திருக்கிறேன், தொழில் புத்தி: நான் 451, அவள் 1,291. முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கல் தெறிப்பு இருந்தது, இன்ஷூரன்ஸில் போயிற்று. நாலு கதவும் பத்திரம்.

சென்னை வந்த மறுநாள் காலை, கீழே போய் எங்கள் காரை ஸ்டார்ட் செய்தாள். பாட்டரி செத்திருந்தது. மெக்கானிக் பையன் வந்து உயிர் கொடுத்துவிட்டு, "யாரு சார் ஓட்டப் போறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

பல்லாவரம் சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னாடி ஒரு ஆட்டோ நகரவில்லை. அவள் பேசாமல் நின்றாள். ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் எங்களுக்கும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள். லாரிக்காரர் ஒன்றும் புரியாமல், கிளீனரிடம் ஏதோ கேட்டுக்கொண்டே போனார்.